ஸ்கிரிப்ட் ஓடியது, ஃபோல்டர் மட்டும் மாறவில்லை

கேள்வி: லினக்ஸில் வேலை செய்ய ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. மடிக்கணினியில் உபுண்டு, கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் பாஷ்தான். தினமும் காலையில் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குப் போவது, பைத்தான் வென்வை (ப்ராஜெக்டுக்கான தனிப் பைத்தான் சூழலை) ஆக்டிவேட் செய்வது, புதிய கோடை இறக்க கிட் புல் போடுவது என்று அதே மூன்று கட்டளைகள். அவற்றை ஒரு ஸ்கிரிப்டில் எழுதி ஓட்டினேன். பிழை எதுவும் வரவில்லை, ஆனால் நான் பழைய ஃபோல்டரிலேயே நிற்கிறேன். ஏலியாஸ் (கட்டளைக்கு வைக்கும் குறும்பெயர்) போட்டுப் பார்த்தேன். டெர்மினலை மூடித் திறந்தால் அதைக் காணோம். சீனியர் ஒருவர், பாஷ் தொடங்கும்போது படிக்கும் தன்னுடைய பாஷ்ஆர்சி ஃபைலைக் கொடுத்து, "அப்படியே போட்டுக்கோ" என்கிறார். கிட்டத்தட்ட ஆயிரம் வரி. போடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு சின்ன ஏற்பாடு. கட்டளைகளை இங்கே உச்சரிப்பிலேயே எழுதுகிறேன். நீங்கள் தட்டும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். குறியீடுகள் மட்டும் இங்கே இருக்கிறபடியே இருக்கட்டும்.

உங்கள் ஸ்கிரிப்டில் தப்பே இல்லை. அது ஃபோல்டர் மாறியது, வென்வை ஆக்டிவேட் செய்தது, கிட் புல்லும் போட்டது. எல்லாம் நடந்தது வேறொரு இடத்தில். டெர்மினலைத் திறந்ததும் கர்சர் மின்னிக்கொண்டு நிற்கிறதே, அங்கே ஓடிக்கொண்டிருப்பது பாஷ் என்ற ஒரு ப்ராசஸ், அதாவது ஓட்டத்தில் இருக்கும் ஒரு ப்ரோக்ராம். 'நான் இப்போது எந்த ஃபோல்டரில் இருக்கிறேன்' என்ற கணக்கை ஒவ்வொரு ப்ராசஸும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும். ஸ்கிரிப்டை ஓட்டச் சொன்னால் பாஷ் ஒரு குழந்தை ப்ராசஸை உருவாக்கி அதனிடம் வேலையைக் கொடுக்கிறது. அந்தக் குழந்தை ஃபோல்டர் மாறும், வேலையை முடிக்கும், மறையும். அம்மா நின்ற இடத்திலேயே நிற்பாள்.

நம்பாவிட்டால் சோதித்துப் பாருங்கள். டெர்மினலில் எக்கோ $$ என்று தட்டினால் ஒரு எண் வரும். அது இந்த ஷெல்லின் ப்ராசஸ் எண். அதே வரியை ஒரு ஸ்கிரிப்டில் போட்டு ஓட்டுங்கள். வேறு எண் வரும். இன்னொரு முறை ஓட்டினால் இன்னொரு எண். அப்புறம் அதே ஸ்கிரிப்டை, முன்னால் சோர்ஸ் என்று சேர்த்து ஓட்டுங்கள். முதலில் பார்த்த எண்ணே திரும்ப வரும். குழந்தையிடம் கொடுக்காமல், அந்த ஃபைலின் வரிகளை இந்த ஷெல்லே ஒவ்வொன்றாகப் படித்துச் செய்கிறது என்று அர்த்தம். வென்வை ஆக்டிவேட் செய்யும்போது சோர்ஸ் என்று ஏன் போடச் சொல்கிறார்கள் என்பதும் இதிலேயே புரிந்துவிடும்.

ஆகவே உங்களுக்குத் தேவை ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரே பெயரில் கட்டிவைத்த சில கட்டளைகள். ஃபங்ஷனும் இந்த ஷெல்லுக்குள்ளேயே ஓடும்.

வேலை() {
    சிடி "$ஹோம்/ப்ராஜெக்ட்ஸ்/$1" || ரிட்டர்ன்
    சோர்ஸ் வென்வ்/பின்/ஆக்டிவேட்
    கிட் புல்
}

ஹோம் மட்டும் பெரிய எழுத்தில். இதற்குப் பிறகு 'வேலை பில்லிங்' என்று தட்டினால், $1 இருக்கும் இடத்தில் பில்லிங் என்ற சொல் உட்கார்ந்து, பில்லிங் ஃபோல்டருக்குப் போய், வென்வும் தயாராகி, புதிய ப்ரோக்ராம் கோடும் வந்து நிற்கும்.

முதல் வரியில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, டபுள் கோட். அது இல்லாவிட்டால் 'ஜூன் பில்' என்று நடுவில் இடைவெளி விட்டுப் பெயர் வைத்த ஃபோல்டரை பாஷ் இரண்டு சொற்களாக வெட்டிவிடும். ஃபங்ஷனைக் கூப்பிடும்போதும் அந்தப் பெயருக்குக் கோட் போடவேண்டும். மற்றொன்று, || ரிட்டர்ன். சிடி தோற்றால் அங்கேயே நிறுத்து என்று பொருள். பெயரை 'பிலிங்' என்று தப்பாகத் தட்டிவிட்டீர்கள் என்று வையுங்கள். ரிட்டர்ன் இல்லையென்றால் சிடி தோற்றாலும் அடுத்த வரிகள் நிற்காது. நீங்கள் தற்செயலாக நின்றுகொண்டிருக்கும் வேறு ஏதோ ப்ராஜெக்டில் கிட் புல் நடந்துவிடும். கிட் புல்லோடு போனால் பரவாயில்லை. மூன்றாவது வரியில் இருப்பது பழைய ஃபைல்களை அழிக்கும் கட்டளையாக இருந்தால்? சிடி வரும் எந்த ஃபங்ஷனிலும் இந்த வாலை ஒட்டாமல் விடமாட்டேன்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதிதாக எழுதுகிறவர்கள் பலர் தங்கள் முதல் ஃபங்ஷனுக்கு டெஸ்ட் என்று பெயர் வைப்பார்கள். டெஸ்ட் ஏற்கெனவே ஷெல்லுக்குள் இருக்கும் கட்டளை. அதை மறைத்துவிட்டு, சம்பந்தமில்லாத எதுவோ உடைகிறதே என்று தேடிக்கொண்டிருப்பார்கள். எந்தப் பெயரானாலும் முதலில் 'டைப்' என்ற கட்டளையோடு சேர்த்துத் தட்டிப் பாருங்கள். அது ஏலியாஸா, ஃபங்ஷனா, ஷெல்லின் சொந்தக் கட்டளையா, டிஸ்கில் இருக்கும் ப்ரோக்ராமா என்று சொல்லிவிடும். நான் கண்ட சுலபமான வழி, வேலை, கடை, குப்பை மாதிரியான தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் வைப்பது. மோதுவதற்கு வாய்ப்பு ரொம்பக் குறைவு, ஞாபகத்திலும் நிற்கும்.

இனி, ஏலியாஸ் மறந்துபோகும் கதை. டெர்மினலில் தட்டிய ஏலியாஸும் ஃபங்ஷனும் அந்த ப்ராசஸின் நினைவில் மட்டுமே இருக்கும். மூடினால் போச்சு. நிலைக்கவேண்டுமானால் பாஷ் தொடங்கும்போது படிக்கும் ஃபைலில் எழுதவேண்டும். அதுதான் உங்கள் ஹோம் ஃபோல்டரில் பெயருக்கு முன் புள்ளியோடு இருக்கும் பாஷ்ஆர்சி. புள்ளியில் தொடங்குவதால் சாதாரணமாக எல்எஸ் போட்டால் தெரியாது. எல்எஸ் மைனஸ் ஏ போடவேண்டும். கடைசியில் ஒட்டியிருக்கும் 'ஆர்சி', 1960களில் எம்ஐடியில் ஓடிய சிடிஎஸ்எஸ் சிஸ்டத்தின் ரன்காம் என்ற வசதியிலிருந்து வந்த மிச்சம். கட்டளைகளை ஒரு ஃபைலில் எழுதிவைத்து ஓட்டும் வசதி அது. பாஷ் பிறந்தது 1989இல். அது பிறப்பதற்கு முன்பே இருந்த எழுத்துகள் இன்னும் அதன் ஃபைல் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

எந்த ஃபைலை எப்போது படிக்கும் என்பதில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். உபுண்டுவில் டெர்மினல் ஜன்னலைத் திறந்தால் பாஷ்ஆர்சி படிக்கப்படும். தூரத்துக் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக ஒரு சர்வருக்குள் நுழைந்தால் அது லாகின் ஷெல். அது பாஷ்_ப்ரொஃபைல், பாஷ்_லாகின், ப்ரொஃபைல் என்ற மூன்றை இந்த வரிசையில் தேடும். முதலில் கிடைத்ததை மட்டும் படித்துவிட்டு மற்றதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. உபுண்டு தரும் ப்ரொஃபைல் ஃபைல், தானே பாஷ்ஆர்சியையும் கூப்பிட்டுக்கொள்ளும். அதனால் பொதுவாகச் சிக்கல் வராது. ஏதாவது ஒரு டூல் இன்ஸ்டால் ஆகும்போது பாஷ்_ப்ரொஃபைல் என்று புதிதாக ஒரு ஃபைலை உருவாக்கி வைத்துவிட்டால், ப்ரொஃபைல் அன்றோடு ஓரங்கட்டப்படும். சர்வரில் உங்கள் ஏலியாஸ் எல்லாம் ஒரே நாளில் மாயமாகும். 'நேற்று வரை வந்தது, இன்று இல்லை' என்று யாராவது சொன்னால் நான் முதலில் தேடுவது அந்த ஃபைலைத்தான். மேக்கில் 2019இல் வந்த கேட்டலினா முதல் புதிய கணக்குகளுக்கு இயல்பான ஷெல் இசட்ஷெல். அங்கே எழுதவேண்டியது, பெயருக்கு முன் புள்ளியோடு இருக்கும் இசட்எஸ்எச்ஆர்சியில். ஷெல்லை மாற்றினால் ஃபைலும் மாறும், அவ்வளவுதான்.

உங்கள் பாஷ்ஆர்சியைத் திறந்தால் தலைப்பில் ஒரு நிபந்தனை இருக்கும்: எதிரில் ஆள் உட்கார்ந்து தட்டும் ஷெல் இல்லையென்றால் இங்கேயே திரும்பிப் போ என்று. அதற்கு மேலே எதையும் எழுதாதீர்கள். நான் எழுதியிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு சர்வரில், உள்ளே நுழைந்ததும் 'வணக்கம்' என்று வரட்டுமே என ஆசைப்பட்டு, முதல் வரியிலேயே ஒரு எக்கோ போட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் இரவு பேக்கப் ஓடவேயில்லை. ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் என்ற டூல் எஸ்எஸ்எச் வழியாக அந்தச் சர்வரோடு பேச ஆரம்பித்தபோது, அது எதிர்பார்த்த பதிலுக்கு முன்னால் என் வணக்கம் வந்து விழுந்திருக்கிறது. "உன் ஷெல் சுத்தமாக இருக்கிறதா?" என்ற அர்த்தத்தில் ஒரு பிழைச் செய்தி போட்டுவிட்டு ஆர்சிங்க் நின்றுவிட்டது. அந்தச் செய்தி என்னைத் திட்டுகிறது என்று புரிய எனக்கு அரை நாள் ஆனது.

சரி, ஏலியாஸா ஃபங்ஷனா? ஏலியாஸ் வெறும் சொல் மாற்று. நீங்கள் தட்டும் முதல் சொல்லை எடுத்துவிட்டு நீளமான ஒன்றை வைக்கும். பின்னால் தட்டியவை அப்படியே கடைசியில் ஒட்டிக்கொள்ளும். உபுண்டுவிலேயே எல்எல் என்று ஒன்று தயாராக இருக்கிறது. நடுவில் ஒரு பெயரைச் செருகவேண்டும், இரண்டு மூன்று வேலைகளை வரிசையாகச் செய்யவேண்டும் என்றால் யோசிக்காமல் ஃபங்ஷன் எழுதுங்கள். ஏலியாஸ்களுக்கு பாஷ்_ஏலியாசஸ் என்று புள்ளியோடு ஒரு தனி ஃபைல் வைத்துக்கொண்டால், உபுண்டுவின் பாஷ்ஆர்சி அதைத் தானாகவே சேர்த்துப் படிக்கும். ஃபங்ஷன்களையும் அதிலேயே போடலாம், ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

ஒரு ஏலியாஸை மட்டும் போடவே வேண்டாம் என்பேன். ஆர்எம் என்றால் 'ஆர்எம் மைனஸ் ஐ' என்று, அழிக்கும் முன் கேட்கும்படி மாற்றி வைப்பது. பாதுகாப்பு மாதிரி தெரியும். சில மாதங்களில் 'எப்படியும் கேட்கும்' என்று கை பழகிவிடும். அந்த ஏலியாஸ் இல்லாத ஒரு சர்வரில் உட்காரும் நாளில் அது கேட்காது. கேட்டு அழிப்பதற்குத் தனியாக ஒரு புதுப் பெயர் வையுங்கள். ஆர்எம்மை அதன் போக்கில் விடுங்கள்.

நீங்கள் தட்டிய கட்டளைகளின் பதிவான ஹிஸ்டரிக்கு வருகிறேன். என்னைக் கேட்டால், ஏலியாஸைவிட அதிகம் உதவும் மாற்றம் இதுதான். உபுண்டுவின் பாஷ்ஆர்சி நினைவில் 1000 கட்டளைகளையும் ஃபைலில் 2000 வரிகளையும் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. தினமும் டெர்மினலில் வாழ்பவருக்கு இது சில வாரக் கணக்குத்தான். ஹிஸ்ட்சைஸ், ஹிஸ்ட்ஃபைல்சைஸ் இரண்டையும் 50000 ஆக்குங்கள். ஹிஸ்ட்டைம்ஃபார்மட் போட்டால் எப்போது தட்டியது என்ற தேதியும் நேரமும் வரும். போன மாதம் சர்வரில் என்ன செய்தோம் என்று தேடும்போது அதன் அருமை தெரியும். கன்ட்ரோல் ஆர் தட்டி இரண்டு எழுத்து போட்டால் பழைய கட்டளை முழுசாக வந்து நிற்கும். அங்கே கிடைத்துவிடுகிற கட்டளைக்கு ஏலியாஸே தேவையில்லை.

ப்ராம்ப்டில், அதாவது கர்சருக்கு முன்னால் ஷெல் காட்டும் வரியில், ஒன்றே ஒன்று: ப்ரொடக்ஷன் சர்வரில் உங்கள் ப்ராம்ப்ட் சிவப்பாக இருக்கட்டும். ப்ராம்ப்டைத் தீர்மானிக்கும் பிஎஸ்1 வேரியபிளில் நிறத்துக்கான குறியீட்டை \[ \] என்ற ஜோடிக்குள் போடுங்கள். விட்டுவிட்டால் பாஷ் அந்தக் குறியீடுகளையும் கண்ணுக்குத் தெரியும் எழுத்தாக எண்ணிக்கொள்ளும். நீளமான கட்டளை தட்டும்போது வரி மடங்காமல் தன் மேலேயே ஏறும். மற்ற அலங்காரம் எல்லாம் உங்கள் இஷ்டம்.

மாற்றியதும் சோர்ஸ் போட்டு ஃபைலை மறுபடி படிக்க வைக்கலாம். அதற்கு முன் 'பாஷ் மைனஸ் என்' போட்டு இலக்கணம் சரியா என்று பாருங்கள். அது ஃபைலை ஓட்டாமல் படித்து மட்டும் பார்க்கும். இலக்கணம் சரியாக இருந்தும் நாசமாக்கும் வரிகள் உண்டு. கட்டளைகளை எந்த ஃபோல்டர்களில் தேடுவது என்று சொல்லும் பாத் வேரியபிளில் புது ஃபோல்டரைச் சேர்க்கும்போது பழைய $பாத்தைச் சேர்க்க மறந்தால், எல்எஸ்கூட 'இல்லை' என்று சொல்லிவிடும். பதற்றப்பட வேண்டாம்: /பின்/எல்எஸ், /யூஎஸ்ஆர்/பின்/நானோ என்று முழு முகவரியோடு கூப்பிட்டால் வரும், திருத்திவிடலாம். சர்வரில் மாற்றும்போது பழைய ஜன்னலை மூடாமல் வைத்து, இன்னொரு ஜன்னலில் நுழைந்து பார்த்துவிட்டு அப்புறம் மூடுங்கள்.

சீனியரின் ஆயிரம் வரிக்கு வருவோம். பாஷ்ஆர்சி என்பது வெறும் செட்டிங் இல்லை. ஒவ்வொரு ஷெல் திறக்கும்போதும் உங்கள் அதிகாரத்தில் ஓடும் ப்ரோக்ராம். அதில், நிர்வாகி அதிகாரத்தில் கட்டளை ஓட்டும் சூடோவையே ஏலியாஸாக்கி வேறு ஏதோ செய்யும் ஒரு வரி இருந்தாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. உங்கள் சீனியர் அப்படிச் செய்ய மாட்டார்தான். ஆனால் அவருடைய சர்வர் பெயர்கள், அவர் விட்டுப்போன பழைய ப்ராஜெக்டுகளின் பாத், இப்போது அவருக்கே ஞாபகமில்லாத ஃபங்ஷன்கள் எல்லாம் அதில் இருக்கும். ஏதாவது உடைந்தால் பிழை உங்களிடமா அவரிடமா என்று தேடவே நேரம் போகும். அந்த ஃபைலை ஒரு பக்கம் வைத்துப் படியுங்கள். படித்துப் புரிந்த, உங்களுக்கும் தேவைப்படுகிற ஒரு ஃபங்ஷனை மட்டும் எடுங்கள். ஒரு வாரம் பயன்படுத்தியபின் அடுத்தது.

அலுவலகத்தில் பலர் ஒரே கணக்கில் நுழையும் சர்வர் இருந்தால் அங்கே பாஷ்ஆர்சியைத் தொடாதீர்கள். உங்கள் சௌகரியம் அடுத்தவருக்குக் குழப்பம். உங்கள் ஃபங்ஷன்களை அங்கே வேறொரு பெயரில் ஃபைலாக வைத்து, நுழைந்ததும் நீங்களே ஒரு முறை சோர்ஸ் செய்துகொள்ளுங்கள். இதே ஃபைலை கிட்டில் போட்டு வைத்தால் புது மடிக்கணினி வரும்போது பத்து நிமிட வேலை. பாஸ்வேர்டும் டோக்கனும் மட்டும் அதில் இருக்கக்கூடாது. அவற்றைத் தனி ஃபைலில், உங்களைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாத அனுமதியோடு வைத்துவிட்டு, பாஷ்ஆர்சியிலிருந்து கூப்பிடுங்கள்.