கடனை செட்டில் செய்த பிறகும் கிரெடிட் ரிப்போர்ட்டில் 'டிஃபால்ட்' நிற்கிறது, நீக்க முடியுமா?

பணம் கட்டிவிட்டதால் மட்டும் டிஃபால்ட் மறையாது. தவணை தவறியது நடந்த விஷயம். அது சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்றுதான் நீங்கள் சண்டை போட முடியும்.

முதலில் நிலுவைத் தொகையைப் பாருங்கள். பழைய தொகையே நின்றால் அது பிழை. அப்புறம் டிஃபால்ட் ஆன தேதி. கடன் வசூல் நிறுவனத்துக்குக் கைமாறியபோது புதுத் தேதி போட்டிருந்தால் விடாதீர்கள். பதிவு எத்தனை வருடம் நிற்கும் என்பது பெரும்பாலும் அந்தத் தேதியைப் பொறுத்தது.

பேரம் பேசிக் குறைத்துக் கட்டியிருந்தால் 'செட்டில்டு' என்றுதான் வரும். அதை 'முழுவதும் கட்டியது' என மாற்றச் சொல்லி மல்லுக்கட்டுவது வீண்.

பிழை இருந்தால் ரிப்போர்ட்டைத் தயாரிக்கும் கிரெடிட் பீரோ, கடன் கொடுத்த நிறுவனம் இரண்டுக்கும் எழுதுங்கள். பீரோ தானாகத் திருத்தாது, அந்த நிறுவனத்தைக் கேட்டுத்தான் மாற்றும். செட்டில்மென்ட் கடிதத்தையும், பணம் போன நாளின் பேங்க் ஸ்டேட்மென்ட் பக்கத்தையும் இணையுங்கள். "கடனை முடித்துவிட்டேன், நீக்குங்கள்" என்று மொட்டையாக எழுதினால் நிராகரிப்புதான் வரும். "இந்தக் கணக்கில் நிலுவை இவ்வளவு என்று இருக்கிறது, இந்தத் தேதியில் முடித்தேன், ஆதாரம் இதோ, பூஜ்யமாக்குங்கள்" என்று எழுதுங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மேல்முறையீட்டுக்கு அது வேண்டும்.