கேள்வி-பதில்: நோய் வருமுன் என்ன வாங்கலாம், எதை வாங்கக் கூடாது?

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி காய்ச்சலைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறை, கொரோனா மாதிரி இன்னொன்று வந்தால் வீட்டை எப்படித் தயாராக வைப்பது என்றும் பலர் கேட்டிருக்கிறீர்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: வீட்டில் ஐந்து பேர். மாமியாருக்குச் சர்க்கரை, மாமனாருக்கு ரத்த அழுத்தம். ஐயாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். எதை முதலில் வாங்குவது? (காரைக்குடி)

பதில்: அவர்கள் இருவரின் மாத்திரையைத்தான். 2020 ஊரடங்கில் கொரோனா வராதவர்கள்கூட வழக்கமான மாத்திரை கிடைக்காமல் அலைந்தார்கள். ஒரு மாதத்துக்கானது எப்போதும் கூடுதலாக இருக்கட்டும். பழையதை முதலில் எடுத்துவிட்டுப் புதியதைப் பின்னால் வையுங்கள். அப்புறம் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், பாராசிட்டமால் இரண்டு அட்டை, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பத்து, சோப்பு, மாஸ்க். அரிசி, பருப்பு, எண்ணெய் இரண்டு வாரத்துக்கு இருந்தால் போதும். வற்றலும் வடகமும் ஊறுகாயும் போட்டு வைக்கிற ஊர் நம்முடையது, அதற்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டியதில்லை. மீதியைச் செலவழிக்காமல் ரொக்கமாக வையுங்கள். யாருக்காவது முடியாமல் போனால் ஆட்டோவுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் அதுதான் கைகொடுக்கும். மருத்துவ ஆலோசனைக்கு 104, ஆம்புலன்ஸுக்கு 108. இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதி, மாமியார் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டுங்கள்.

கேள்வி: 'கொள்ளைநோய்த் தற்காப்புப் பெட்டி' என்று ஆன்லைனில் ₹7,999-க்கு வருகிறது. இன்று மட்டும் பாதி விலையாம். வாங்கலாமா? (பள்ளத்தூர்)

பதில்: வேண்டாம்.

கேள்வி: விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் வாங்கினேன். பேரன் விளையாட்டாகப் பென்சிலைச் செருகினான், அதற்கும் 98 காட்டுகிறது. திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள். (தேவகோட்டை)

பதில்: பென்சிலுக்கும் ஆக்ஸிஜன் அளவு சொல்கிற கருவியை நம்பி ஒரு நோயாளியை வீட்டில் வைத்திருக்க முடியாது. பேரன் செய்தது நல்ல சோதனை, அதை வீடியோ எடுத்து வையுங்கள். 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி, பழுதான அல்லது போலியான பொருளைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்று விற்பவர் மறுக்க முடியாது. அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்குப் புகார் எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்று தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது அவர் கடமை. நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

அடுத்தது வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. மணிக்கட்டில் நாடியை ஒரு நிமிடம் எண்ணி, கருவி காட்டும் துடிப்போடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். விரல் சில்லிட்டிருந்தாலும், மருதாணியோ நகப்பூச்சோ இருந்தாலும் அளவு தவறும். தோல் கறுப்பாக இருப்பவர்களுக்கு இந்தக் கருவிகள் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டுவதும் உண்டு. அதனால் மூச்சு வாங்குகிறது என்று ஒருவர் சொன்னால், கருவி என்ன சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

கேள்வி: எனக்கு வயது 72. போன மாதம் மூன்று பேர் வந்து, சுகாதாரத் துறையிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். ஊரில் டெங்கு பரவுகிறது, வீடு முழுக்க மருந்து அடித்தால் ஒரு வருஷத்துக்குக் கிருமி அண்டாது என்று ₹9,500 வாங்கினார்கள். காவல்காரப் பையனின் போனிலிருந்துதான் அனுப்பினோம். முகப்பிலிருந்து அடுப்படி வரை அடித்தார்கள். இப்போது வளவுத் தரையில் ஆத்தங்குடிக் கல் திட்டுத்திட்டாக வெளுத்துக் கிடக்கிறது. பிள்ளைகள் சிங்கப்பூரில். கோபிப்பார்கள் என்று சொல்லவில்லை. (கானாடுகாத்தான்)

பதில்: ஆச்சி, முதலில் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். அரசாங்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவர்களை நீங்கள் நம்பியதில் ஒரு தவறும் இல்லை. தனியாக இருக்கும் பெரியவர்கள் வீடாகப் பார்த்துத்தான் இவர்கள் நுழைகிறார்கள். நீங்கள் சொல்லாமல் இருந்தால் அடுத்த தெருவில் இன்னொரு ஆச்சி பணம் கொடுப்பார்.

கொசு மருந்து அடிக்க வரும் பேரூராட்சி, சுகாதாரத் துறை ஊழியர்கள் வீட்டில் காசு வாங்க மாட்டார்கள். ஒரு முறை அடித்தால் ஒரு வருஷம் கிருமி வராமல் தடுக்கும் மருந்து உலகத்தில் இல்லை. வீட்டுக்குள் கிருமிநாசினி தெளிப்பதைப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020-லேயே சொல்லிவிட்டது. அரசு ஊழியர் என்று பொய் சொல்லிப் பணம் பறிப்பது குற்றம். அந்தப் பையனின் போனில் பணம் போனதற்கான எண்ணும் வாங்கியவர் பெயரும் இருக்கும். அதைப் படமெடுத்து, தரையின் நாலு படங்களோடு காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். பணம் போன உடனேயே தெரியவந்தால் 1930-ஐ அழைக்க வேண்டும், தாமதமாக ஆக மீட்பது கடினம். நேரமாகிவிட்டது என்று நீங்கள் விட்டுவிடாதீர்கள், புகார் பதிவாவது முக்கியம்.

தரைக்கு இப்போது யாரும் ஆசிட் ஊற்ற விடாதீர்கள். கறை எடுக்கிறேன் என்று அடுத்த ஆள் அதைத்தான் கொண்டு வருவான். ஆத்தங்குடிக் கல் சிமென்ட்டில் கையால் வார்த்தது, ஆசிட் பட்டால் வண்ணத்தையே தின்றுவிடும். வெறும் தண்ணீரால் பல முறை துடைத்து, காய்ந்ததும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். தேறாத கற்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், ஆத்தங்குடியில் இன்றும் வார்த்துக் கொடுக்கிறார்கள். செலவுக்கு ரசீது வாங்கிப் புகாரோடு சேர்த்து வையுங்கள்.

கேள்வி: முன்னெச்சரிக்கையாக ஆன்டிபயாடிக் மாத்திரை நாலு அட்டை வாங்கி வைத்திருக்கிறேன். காய்ச்சல் வந்தால் எத்தனை நாள் போடலாம்? (திருப்பத்தூர்)

பதில்: ஒரு நாள்கூடப் போடாதீர்கள். டெங்கு, ஃப்ளூ, கொரோனா எல்லாம் வைரஸ், ஆன்டிபயாடிக் அதற்கு மருந்தே இல்லை. அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருக்குமே, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அதற்கு அர்த்தம். கடைக்காரர் கொடுத்தது தப்பு. கோடு எதற்கு என்று கேட்காமல் நாலு அட்டை வாங்கியது உங்கள் தப்பு. இதை நான் எழுதாத வருஷம் இல்லை.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். டெங்குவாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்வரை ஆஸ்பிரின், ஐபுபுரூஃபென் வேண்டாம். ரத்தக்கசிவு கூடிவிடும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். காய்ச்சல் விட்டதும் நிம்மதியாகிவிடாதீர்கள், ஆபத்து தொடங்குவது பெரும்பாலும் அந்த இரண்டு நாளில்தான். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் அப்போதே ஆஸ்பத்திரி.

கேள்வி: மருந்துக் கடையில் பாராசிட்டமால் ஐந்து கேட்டால் அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கிறார்கள். வீட்டில் இப்படித் துண்டுகள் நிறையச் சேர்ந்துவிட்டன. எது எப்போது காலாவதி என்று எப்படித் தெரியும்? (புதுவயல்)

பதில்: தெரியாது. பல வருஷமாக என் மனதை அறுக்கிற விஷயம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பல அட்டைகளில் தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தொகுதி எண் மூன்றும் ஒரே ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். கடைக்காரர் கத்தரியை எடுத்தால், தேதி உள்ள பக்கம் ஒருவருக்குப் போகும், வெறும் பக்கம் அடுத்தவருக்குப் போகும். வெறும் பக்கம் யாருக்கு வருகிறது என்று பாருங்கள். முழு அட்டை வாங்கக் காசில்லாதவருக்கு, ஐந்து மாத்திரை போதும் என்கிற கூலிக்காரருக்கு, கண் சரியாகத் தெரியாத பெரியவருக்கு. மருந்தின் பெயர்கூடப் பாதிதான் மிஞ்சும். இப்படி ஒரு துண்டைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, வெள்ளையாக இருக்கிறதே, காய்ச்சல் மாத்திரையாகத்தான் இருக்கும் என்று போட்டுக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும். அது சர்க்கரைக்கான மாத்திரை. மயங்கி விழுந்தவரை அள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

சில்லறையாக வாங்குவது குற்றமில்லை. ஆனால் தேதி உள்ள ஓரம் கடையில் தங்கட்டும் என்று விடாதீர்கள். பில் கேளுங்கள். அதில் மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதி மூன்றும் இருக்கிறதா என்று கடை வாசலிலேயே படித்துப் பாருங்கள். துண்டையும் பில்லையும் ஒரே கவரில் போட்டு, என்ன மாத்திரை என்று தமிழில் எழுதி வையுங்கள். ஐந்து ரூபாய்க்கு என்ன பில் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நாளைக்குப் புகார் கொடுப்பதற்கு உங்கள் கையில் இருக்கப்போவது அது ஒன்றுதான். இப்போது சேர்ந்திருக்கும் தேதியில்லாத துண்டுகளைக் குழந்தைகள் கைக்குப் போகாமல் அப்புறப்படுத்துங்கள்.

கேள்வி: பக்கத்து வீடு பங்காளிகள் பன்னிரண்டு பேருக்குப் பொது. கல்யாணம் என்றால்தான் திறப்பார்கள். முற்றத்து அண்டாக்களில் மழைத்தண்ணீர் நின்று எங்களுக்குத்தான் கொசு. நானும் இரண்டு பெரிய டிரம் வாங்கித் தண்ணீர் சேமிக்கலாம் என்றிருக்கிறேன். (பள்ளத்தூர்)

பதில்: டெங்கு கொசு சாக்கடையில் வளர்வதில்லை, நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாகச் சுமார் ஒரு வாரம், பத்து நாள் போதும். பூட்டிக் கிடக்கும் வளவின் அண்டாவும் கிடாரமும் அதற்கு வாய்த்த இடம். பங்காளிகளில் ஊரில் இருப்பவரிடம் முதலில் பேசுங்கள். எல்லாவற்றையும் கவிழ்த்து வைக்க ஓர் ஆள் கூலிதான் ஆகும். நடக்கவில்லை என்றால் பேரூராட்சியில் எழுதிக் கொடுங்கள். 1939-ஆம் ஆண்டு பொதுச் சுகாதாரச் சட்டப்படி, கொசு வளரும் இடத்தின் உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்ப அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

உங்கள் டிரம்முக்கு வருகிறேன். இறுக்கமான மூடி இல்லாத டிரம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். வாரம் ஒரு முறை தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒட்டிக்கொண்ட முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பிளீச்சிங் பவுடர் வாங்கினால் சிறிய பொட்டலமாக, தயாரித்த தேதி பார்த்து வாங்குங்கள். மூட்டையாக எடுத்தால் மலிவு என்று ஒரு கடையில் என் தலையில் கட்டினார்கள், பிரித்தபோது குளோரின் வாசனையே இல்லை. நல்ல தூளாக இருந்தால் ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு இரண்டரை கிராம் போதும். கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரமாவது விடுங்கள். ஆசிட்டோடு ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சுப்புகை கிளம்பும்.

கேள்வி: 2020-இல் வாங்கிய சானிடைசர் இருபது பாட்டில் இருக்கிறது. பயன்படுத்தலாமா? (கோட்டையூர்)

பதில்: காலாவதியாகிவிட்டது. சோப்பு போட்டுக் கழுவுங்கள், அழுக்குக் கைக்கும் வாந்திபேதிக் கிருமிக்கும் சோப்புதான் மேல்.

கேள்வி: 2020-இல் கிருமியைக் கொல்லும் என்று வாங்கிய புற ஊதா ஒளிப் பெட்டி என்னிடமும் இருக்கிறது. நீங்களும் ஒன்று வாங்கியதாக எழுதியிருந்தீர்கள். பயன்பட்டதா? (கண்டனூர்)

பதில்: இல்லை. அந்த ஒளி நேராகப் படும் இடத்தில்தான் வேலை செய்யும், நிழல் விழும் மடிப்பில் கிருமி அப்படியே இருக்கும். என்னுடையது ஆறு மாதத்தில் எரிவது நின்றது, உத்தரவாத அட்டையில் இருந்த எண்ணை எடுக்க ஆளில்லை. பில் வைத்திருந்தேன், அந்த விலாசத்தில் கடையே இல்லை.

கேள்வி: ஓ.ஆர்.எஸ். என்று டப்பாவில் ஆரஞ்சு சுவையில் வாங்கி வைத்தோம். போதுமா? (குன்றக்குடி)

பதில்: பழைய சரக்காக இருக்கும். அந்தச் சர்க்கரைப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. வயிற்றுப்போக்கில் கூடுதல் சர்க்கரை போக்கை இன்னும் அதிகமாக்கும். மருந்துக் கடையில் ஒரு லிட்டருக்கான பொட்டலமாக, உலக சுகாதார நிறுவன அளவு என்று அச்சிட்டதைக் கேளுங்கள். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்து, அன்றைக்குள் குடித்து முடியுங்கள். டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்காதீர்கள், உப்பின் அளவு கெட்டுவிடும்.

கேள்வி: நோய் பரவத் தொடங்கியதும் மருத்துவக் காப்பீடு எடுத்துக்கொள்ளலாம்தானே? (தேவகோட்டை)

பதில்: புதிய பாலிசியில் விபத்து தவிர மற்ற நோய்களுக்கு முதல் 30 நாள் காத்திருப்பு உண்டு. இப்போதே எடுங்கள். பத்திரம் கைக்கு வந்ததும் படித்துப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.