ரீமேப் செய்யலாமா? டர்போ கார் வைத்திருப்பவர்களுக்குப் பதில்கள்

இன்ஜினை ஆளும் கணினியான இசியூவில் உள்ள அளவுகளை ஒரு குறிப்பிட்ட காருக்கென்றே மாற்றி எழுதுவதைத்தான் கஸ்டம் ரீமேப் என்கிறோம். கோவையில் எனக்கு இதுதான் தொழில். வந்த கேள்விகளில் அடிக்கடி கேட்கப்பட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

சார், என்னுடையது 2016 போலோ ஜிடி டிஎஸ்ஐ. எத்தனை குதிரைத்திறன் கூடும்? (திருச்சி)

எல்லோருக்கும் முதல் கேள்வி இதுதான். உங்கள் 1.2 லிட்டர் இன்ஜின் கம்பெனியிலிருந்து 105 குதிரைத்திறனோடும் 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையோடும் வருகிறது. வேறெதையும் தொடாமல் மென்பொருளை மட்டும் மாற்றினால் 125, 130 வரை போகலாம். ஆனால் நீங்கள் தினமும் உணரப்போவது அந்த எண்ணை அல்ல. சென்னை சாலையில் லாரியைத் தாண்டும்போது, கியர் இறங்கட்டும் என்று காத்திராமல் 2,000 சுற்றிலேயே வண்டி கிளம்பும் பாருங்கள், காசு கொடுப்பது அதற்குத்தான்.

ஓர் எல்லை உண்டு. உங்கள் ஏழு கியர் டிஎஸ்ஜி (தானாக மாறும் கியர்பாக்ஸ்) உலர் கிளட்ச் வகை, 250 நியூட்டன் மீட்டர் வரைதான் தாங்கும்படி வடிவமைத்தது. நான் 230ஐத் தாண்ட விடுவதில்லை. 260 தருகிறேன் என்பவரிடம் புதிய கிளட்சுக்கும் சேர்த்து விலை கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணா, ரெடிமேடு மேப் பாதி விலைக்குக் கிடைக்கிறதே. கஸ்டம் எதற்கு? (ஈரோடு)

நல்ல ரெடிமேடு மேப்பை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதை எழுதியவர் உங்கள் காரைப் பார்த்ததே இல்லை.

சென்ற கோடையில் ரெடிமேடு மேப் ஏற்றிய ஒரு கார் வந்தது. 'வெயிலில் கொஞ்சம் மந்தமாக இருக்கிறது' என்பதைத் தவிர உரிமையாளருக்குக் குறையில்லை. சக்கரத்தின் சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றி, ஓடும்போதே இன்ஜின் அளவுகளைப் பதிவு (லாக்) செய்தோம். 4,200 சுற்று வந்ததும் மூன்றாவது சிலிண்டரில் மட்டும் இக்னிஷன் டைமிங் 5 டிகிரி பின்வாங்கியது. மற்ற மூன்றிலும் ஒரு டிகிரிகூட இல்லை. நாக் சென்சார் தட்டும் ஓசையைக் கேட்டதும் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்துகிறது. இன்ஜின் பிழைக்கிறது, ஆனால் சக்தி போகிறது, எக்சாஸ்ட் வெப்பம் ஏறுகிறது, அதை டர்போ வாங்கிக்கொள்கிறது.

பிளக்குகளைக் கழற்றினோம். மூன்றாவது மட்டும் வேறு வெப்ப எண் கொண்டது. ஏதோ ஒரு சர்வீஸில் கையில் கிடைத்ததை மாட்டிவிட்டார்கள். நான்கையும் ஒரே வகையாக மாற்றி, அந்தச் சுற்றில் பூஸ்டை, அதாவது டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தத்தை, 0.1 பார் குறைத்து மறுபடி ஓட்டினேன். பூஸ்டைக் குறைத்தும் சக்கரத்தில் 6 குதிரைத்திறன் கூடியது. இந்தப் பிளக்கை எந்த ரெடிமேடு கோப்பும் கண்டுபிடித்திருக்காது.

இப்போது பங்குகளில் இ20 பெட்ரோல்தானே. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? (மதுரை)

நிறையவே உண்டு. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று தேவை, எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதம் கலந்தால் கணக்கு சுமார் 13.5க்கு இறங்குகிறது. அதாவது, அதே காற்றுக்கு அதிக எரிபொருள் ஊற்ற வேண்டும். நிதானமாக ஓட்டும்போது, புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் லாம்ப்டா சென்சாரை வைத்துக் கணினி சரிசெய்துவிடும். முழு ஆக்சிலரேட்டரில் இன்ஜெக்டர் ஏற்கெனவே எல்லையில் இருந்தால் அதனால் இதற்கு மேல் எரிபொருள் ஊற்ற முடியாது.

நல்ல பக்கமும் இருக்கிறது. எத்தனால் நாக்கிங்கைத் தடுக்கும், ஆவியாகும்போது உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும். அதனால் டைமிங்கைச் சற்று முன்னால் தள்ள இடம் கிடைக்கிறது. மைலேஜ் கூடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பழைய காரில் ரப்பர் குழாய்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஐயா, அடிக்கடி ஊட்டி ஏறுகிறேன். மலைக்குத் தனி மேப் வேண்டுமா? (மேட்டுப்பாளையம்)

அருமையான கேள்வி, இதைப் பலர் கேட்பதே இல்லை. தனி மேப் வேண்டாம், மலையை மறக்காத மேப் வேண்டும். மேட்டுப்பாளையத்தில் காற்றை 2 பாருக்கு அழுத்த, டர்போ அதை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கினால் போதும். 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் காற்றழுத்தமே முக்கால் பாருக்குச் சற்று மேல்தான். அதே 2 பாரைக் கேட்டால் இரண்டரை மடங்குக்கும் மேல் அழுத்த வேண்டும். டர்போ மறுக்காது, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். பேரிங் போவது அப்படித்தான். உயரம் ஏற ஏற பூஸ்ட் இலக்கு குறையும்படி எழுதியிருக்கிறாரா என்று உங்கள் ட்யூனரிடம் கேளுங்கள். கேள்வி புரியாமல் விழித்தால் வேறு இடம் பாருங்கள்.

வாரண்டி இருக்கிறது. கம்பெனிக்குத் தெரியாமல் செய்ய முடியுமா? (சேலம்)

தெரிந்துவிடும். ஃபோக்ஸ்வாகன் குழும கார்களில் மாற்றிய மென்பொருள் கண்டறியப்பட்டால் டிடி1 என்ற குறியீடு பதிவாகிவிடும். வாரண்டி முடியட்டும். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

டீசல் காரில் டிபிஎஃப்பை (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) நீக்கித் தருவீர்களா?

மாட்டேன்.

1,20,000 கிலோமீட்டர் ஓடிய கார். தாங்குமா, சார்? (நாமக்கல்)

கிலோமீட்டரை வைத்துச் சொல்ல முடியாது. நேரடி இன்ஜெக்ஷன் இன்ஜின் என்றால் இன்டேக் வால்வில் கரி படிந்திருக்கும், முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள். பிறகு கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று பார்க்கலாம். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருங்கிய அளவு காட்டினால் லேப்டாப்பைத் திறக்கிறேன். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் கம்ப்ரஷன் பார்த்த கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவேன். போன மாதம் இரண்டு பேரை அப்படி அனுப்பினேன்; ஒருவர் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார்.