செராமிக் பேரிங் போட்டால் தொல்லை தீருமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் சின்ன அரிசி ஆலை நடத்துகிறேன். புளோயர் ஓட்டும் 15 எச்.பி. மோட்டாருக்குப் போன வருஷம் வி.எஃப்.டி. டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) மாட்டினேன். அதிலிருந்து நாலு மாசத்துக்கு ஒரு தடவை பேரிங் காலி. செராமிக் போட்டால் ஆயுசுக்கும் தொட வேண்டாம் என்கிறார்கள் கோயம்புத்தூர்க் கடையில். விலையோ பல மடங்கு. போடலாமா?

பதில்: காசை எடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கழற்றிய பேரிங்கின் வெளி வளையத்தை, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கிரைண்டரில் இரண்டாக அறுத்து மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் பிடித்துப் பாருங்கள். குண்டு ஓடிய தடத்தில் சீப்புப் பல்லாட்டம் ஒரே இடைவெளியில் குறுக்குக் கோடுகள் தெரிகின்றனவா? கிரீஸ் கன்னங்கரேலென்று இருந்ததா? அப்படியானால் அது மின்சாரம் தின்ற பேரிங். டிரைவ் மின்னழுத்தத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டி அனுப்புகிறது. அதில் ஒரு பங்கு மோட்டாரின் சுழலும் தண்டான ஷாஃப்டில் ஏறி, கிரீஸ் படலத்தைத் துளைத்துக்கொண்டு மோட்டார் பாடிக்கு இறங்கும். ஒவ்வொரு முறையும் ஒரு பொடிப் பொறி, எஃகில் ஒரு நுண்குழி. டிரைவ் வந்த பிறகே தொல்லை தொடங்கியதால் என் சந்தேகமும் அதன் மேல்தான்.

குண்டுக்குக் குண்டு உள்ள இடைவெளியில் பள்ளம் விழுந்திருந்தால், சுத்தியலால் அடித்து ஏற்றியிருக்கிறார்கள். தடம் மங்கித் தேய்ந்திருந்தால் உமித்தூசி உள்ளே போயிருக்கிறது, தூசி புகாமல் பேரிங்கை மூடும் சீல் சரியாக இருக்கிறதா பாருங்கள். இந்த இரண்டுக்கும் செராமிக் வாங்குவது வீண் செலவு.

கடைக்காரர் சொல்வது அநேகமாக ஹைபிரிட் பேரிங். வளையங்கள் எஃகு, குண்டு மட்டும் சிலிக்கான் நைட்ரைடு. அதன் அடர்த்தி கன செ.மீ.க்கு 3.2 கிராம், எஃகுக்கு 7.8. எடை குறைவானதால்தான் நிமிடத்துக்கு 20,000 சுற்றில் ஓடும் சி.என்.சி. (கணினி இயக்கும் கடைசல்) எந்திரத்தின் ஸ்பிண்டிலில் குண்டு வெளிப்பக்கம் அழுத்துவதும் சூடேறுவதும் குறைகின்றன. 1,500 சுற்று மோட்டாருக்கு அந்தப் பெருமை எதற்கு? உங்களுக்கு வேண்டியது மின்சாரம் கடத்தாத குணம் ஒன்றுதான். நிறத்தையும் பாருங்கள்: சிலிக்கான் நைட்ரைடு கருஞ்சாம்பல். பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் அது சிர்கோனியா, வேறு சரக்கு. வளையமும் செராமிக்கான முழுச் செராமிக் பேரிங் அமிலத்துக்கும் கடும் சூட்டுக்கும் ஆனது. ஒரு தட்டு பட்டால் விளிம்பு பெயரும்.

கஞ்சிக்கோட்டில் ஒரு பம்ப் மோட்டாருக்கு நானே இரண்டு பக்கமும் ஹைபிரிட் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். மோட்டார் பிழைத்தது, பம்பின் பேரிங் போனது! வழி அடைபட்ட மின்சாரம், மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் இரும்புக் கப்ளிங் வழியாக அந்தப் பக்கம் போய்விட்டது. அதனால் என்னைக் கேட்டால் முதலில் ஷாஃப்டைத் தொட்டு அதில் ஏறும் மின்சாரத்தை எர்த்துக்கு இறக்கும் எர்த்திங் ரிங், டிரைவிலிருந்து உலோக உறை போட்ட ஷீல்டு கேபிள், ஒழுங்கான எர்த். இவ்வளவிலேயே பல மோட்டார்கள் அடங்கிவிடும். அதற்கும் அடங்காவிட்டால், எர்த்திங் ரிங்கை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஹைபிரிட்.

மாட்டும்போது சுத்தியல் கிட்டவே வரக்கூடாது. இந்தக் குண்டு வளையத்தைவிடக் கடினம், ஒரே அடியில் தடத்தில் பள்ளம் போட்டுவிடும். சீல் வைத்த பேரிங் என்றால் இண்டக்‌ஷன் ஹீட்டரில் 80 டிகிரி தாண்டாமல் சூடாக்கி, உள் வளையத்தைப் பிடித்து ஏற்றச் சொல்லுங்கள்.