பாட்டுப் பதிவில் இரைச்சல்: பழி மின்சாரத்தின் மேலா, சார்ஜரின் மேலா?

கேள்வி: ஐந்து கட்டை சுருதியில் பாடுகிறேன். பாட்டு வகுப்புகளை மடிக்கணினியில் பதிவு செய்தால் அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். வீட்டு மின்சாரம் சரியில்லை, 40,000 ரூபாய்க்கு பவர் கண்டிஷனர் (மின்சாரத்தைச் சீராக்கும் கருவி) வையுங்கள் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் ஒரு நிமிடம் பதிவு செய்து பாருங்கள். பெரும்பாலும் இரைச்சல் அங்கேயே நின்றுவிடும்.

நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. கருவிகளுக்குள் அது நேர்மின்சாரமாக மாறும்போது நொடிக்கு 100 அலை என்ற கணக்கில் ஒரு முனகல் மிஞ்சும். உங்கள் மந்திர ஷட்ஜமோ (கீழ் ஸ்தாயி 'ஸ') ஏறக்குறைய 98. முனகல் சுருதியை ஒட்டி, ஆனால் சற்றே ஏறி நிற்கிறது. காதை அறுக்காமல் என்ன செய்யும்?

எர்த் பின் இல்லாத இரட்டைப் பின் சார்ஜராக இருந்தால், மடிக்கணினியின் உலோக மூடியைத் தடவும்போது சுருசுருவென்று இருக்கும். அந்தக் கசிவுதான் மைக் கம்பி வழியாகப் பதிவில் ஏறுகிறது. பேட்டரியிலேயே பதிவு செய்யுங்கள்; செலவு பூஜ்யம். மின்னணு ரெகுலேட்டர் உள்ள மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள்.

"எர்த் பின்னை உடைத்துவிட்டால் சத்தம் போய்விடும்" என்று ஒருவர் வருவார். சத்தம் போகும், சில சமயம் ஆளும் போவார். சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் முடிச்சுப் போட்டுத் தரும் எலெக்ட்ரீஷியன் இன்னும் மோசம்: நியூட்ரல் கம்பி அறுந்தால் உங்கள் ஆம்ப்ளிஃபயரின் உடம்பில் 230 வோல்ட் நிற்கும். எர்த் குழி டைல்ஸுக்கு அடியில் புதைந்து, கோடையில் ஒரு குடம் தண்ணீர்கூடக் காணாத வீடுகள் எத்தனை! மின் இணைப்புத் தரும்போது வயரிங் சரி என்று கையெழுத்து கேட்கிறார்கள், அதன் பிறகு யார் வந்து பார்க்கிறார்கள்?

மின்சாரத்தையே குற்றம் சொல்லத் தகுந்த இடம் ஒன்று உண்டு, மின்வெட்டு. உங்கள் இன்வெர்ட்டர் சதுர அலை வகையா என்று பாருங்கள். கரண்ட் போனதும் மின்விசிறி உறுமத் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம், அதுதான். அதில் ஆம்ப்ளிஃபயரையோ அடாப்டரில் ஓடும் மின்னணுத் தம்புராவையோ மாட்டினால், முனகலாக இருந்தது ரீங்காரமாகிவிடும். சைன் அலை இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அதற்காக இருப்பதை இன்றே மாற்ற வேண்டியதில்லை. கரண்ட் வரும்வரை தம்புராவுக்கும் பேட்டரி போட்டுக்கொள்ளுங்கள்.