மச்சான் கையெழுத்து இல்லாத ராயல்டி

கேள்வி: கிருஷ்ணகிரியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். புளியில் கொட்டை எடுக்கும் மெஷினுக்கு நானும் மச்சானும் சேர்ந்து காப்புரிமை வாங்கினோம். யோசனையும் உழைப்பும் என்னுடையது. அவர் பணம் மட்டும் போட்டார். இப்போது தனியாக மெஷின் செய்து அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் விற்கிறார், எனக்கு ஒரு பைசா தருவதில்லை. ஓசூர் கம்பெனி ஒன்று 5 லட்சம் அட்வான்ஸும் விற்பனையில் 4 சதவீத ராயல்டியும் தருகிறேன் என்கிறது. கையெழுத்துப் போடலாமா? மச்சான் மேல் வழக்குப் போடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம்.

யோசனை யாருடையது என்பது இங்கே பேச்சே இல்லை. கண்டுபிடிப்பாளர் என்று உங்கள் பெயர் மட்டுமே இருந்தாலும், உரிமையாளராகப் பதிவேட்டில் இருப்பது இருவர் பெயர். உங்களுக்குள் வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், 1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 50ஆவது பிரிவுதான் உங்கள் ஒப்பந்தம். ஆளுக்குச் சம பங்கு. அவர் தானே செய்து விற்கலாம். உங்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. நீங்களும் அப்படியே. ஆனால் மூன்றாம் ஆளுக்கு லைசென்ஸ் கொடுக்கவோ பங்கை விற்கவோ மற்றவர் சம்மதம் வேண்டும். அவரிடம் மெஷின் வாங்கியவர்களுக்கு நோட்டீஸ் விடும் எண்ணம் இருந்தால் அதையும் மறந்துவிடுங்கள். அவர்கள் வாங்கியது செல்லும். ஆதாரமில்லாத மிரட்டல் என்று 106ஆவது பிரிவில் வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

மாட்டிக்கொள்வது அட்வான்ஸில்தான். "இந்த உரிமையில் வேறு யாருக்கும் பாத்தியதை இல்லை, இருந்தால் நஷ்டத்தை லைசென்ஸ் தருபவர் ஈடுகட்டுவார்" என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கும், பெரும்பாலும் யாரும் படிக்காத கடைசிப் பக்கங்களில். 5 லட்சத்தில் பழைய கடனை அடைத்திருப்பீர்கள். மாசியில் புளி இறங்கும்போது கம்பெனி மெஷினும் சந்தைக்கு வரும். மச்சான் நோட்டீஸ் விடுவார். அட்வான்ஸோடு மெஷின் பாகங்களுக்கான டைக்கு (அச்சுக்கு) கம்பெனி செலவழித்ததையும் சேர்த்து உங்களிடம் கேட்பார்கள். கூட்டு உரிமையாளர் இருப்பதை மறைத்திருந்தால் மோசடிப் புகார் தனி. "தனி உரிமம்" என்று எழுதிக் கொடுத்திருந்தால் இன்னும் மோசம்: மச்சான் விற்றுக்கொண்டிருக்கும்வரை அந்த வாக்கை உங்களால் காப்பாற்றவே முடியாது.

51ஆவது பிரிவில், படிவம் 11 போட்டு, லைசென்ஸ் தரக் காப்புரிமை அலுவலகக் கன்ட்ரோலரின் உத்தரவு கேட்கலாம். அதுவரை ஓசூர்க்காரர் காத்திருப்பாரா?

சமாதானம் பேசுங்கள். பாதி கேட்பார், 60க்கு 40 என்று முடியுங்கள். கசக்கும்தான். செல்லாத லைசென்ஸில் வரும் முழு ராயல்டியைவிடச் செல்லுபடியாகும் 60 பங்கு பெரிது. பதிலுக்கு, தன் மெஷினை கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களுக்குள் மட்டும் விற்பதாக எழுதி வாங்குங்கள். மூவரும் ஒரே பத்திரத்தில் கையெழுத்திட்டுப் படிவம் 16 மூலம் பதியுங்கள். பதியாத பத்திரத்தை நீதிமன்றம் உரிமைக்குச் சான்றாகப் பொதுவாக ஏற்காது.

"விற்பனையில் 4 சதவீதம்" என்ற வாசகத்தையும் மாற்றுங்கள். லாரி வாடகை, டீலர் கமிஷன், மோட்டார் விலை எல்லாம் கழித்த பிறகுதான் உங்கள் 4 சதவீதம் கணக்காகும். மெஷினுக்கு இத்தனை ரூபாய், விற்காவிட்டாலும் ஆண்டுக்குக் குறைந்தது இத்தனை என்று கேளுங்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் வரிசை எண் பொறிக்கட்டும். அந்த எண்ணை வைத்துக் கணக்குப் பார்க்கும் உரிமை உங்களுக்கு இருக்கட்டும். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் ராயல்டிக்கு மேல் 18 சதவீதம் தனி என்று எழுதாமல் விடாதீர்கள்.

மச்சானிடம் பேசும் முன் புதுப்பிப்புக் கட்டணத்தைப் பாருங்கள். தனிநபருக்கு 3 முதல் 6ஆம் ஆண்டு வரை ஆண்டுக்கு 800 ரூபாய்தான். அவர் கட்டியிருப்பார் என்று நீங்களும், நீங்கள் கட்டியிருப்பீர்கள் என்று அவரும் இருந்திருந்தால் காப்புரிமை காலாவதியாகியிருக்கும். அந்தத் தேதியிலிருந்து 18 மாதங்களுக்குள் மீட்க விண்ணப்பிக்கலாம். ஆனால் காலாவதியான நாளிலிருந்து அந்த மீட்பு விண்ணப்பம் வெளியாகும்வரை காப்பியடித்தவர்கள்மேல், அந்தக் காலத்துக்கு வழக்குப் போட முடியாது.