டி செல்கள் ஒரு வைரஸை அடையாளம் கண்டுகொள்வதை எப்படி அளக்கிறார்கள்?

ஆன்டிபாடியை அளப்பது தெரியும், டி செல்களை எப்படி அளப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒன்று: டி செல், அதாவது நோய் எதிர்ப்பில் பங்கேற்கும் ஒரு வகை வெள்ளணு, வைரஸை முழுதாகப் பார்ப்பதே இல்லை. நம் செல்கள் வைரஸ் புரதத்தைத் துண்டாக்கி, எச்.எல்.ஏ. என்ற மூலக்கூறில் ஏந்திக் காட்டுகின்றன. தொற்றுக்குள்ளான செல்லைக் கொல்லும் டி செல்லுக்குக் கிடைக்கும் அந்தத் துண்டு பெரும்பாலும் 9 அமினோ அமில நீளம்தான்.

எனக்கு மிகவும் பிடித்த முறை எலிஸ்பாட். ரத்தத்திலிருந்து பிரித்த வெள்ளணுக்களை, உதாரணமாக ஃப்ளூ வைரஸின் புரதத் துண்டுகளோடு, ஒரு தட்டின் சிறு குழியில் ஏறத்தாழ ஒரு நாள் வைத்திருப்பார்கள். துண்டை அடையாளம் கண்ட செல் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கும். குழியின் அடியில் பூசியுள்ள ஆன்டிபாடி, சுரந்த இடத்திலேயே அதைப் பிடித்துக்கொள்ளும். நிறமேற்றினால் ஒரு செல்லுக்கு ஒரு புள்ளி, எண்ணிவிடலாம். லட்சம் செல்களில் பத்து விழித்தாலும் தெரிந்துவிடும்!

அடையாளம் கண்டும் சுரக்காத செல்லை இது காட்டாது. அதற்கு டெட்ராமர் உண்டு. 1996இல் ஜான் ஆல்ட்மன், மார்க் டேவிஸ் குழுவினர் வெளியிட்டது. துண்டை ஏந்திய ஒற்றை எச்.எல்.ஏ.வின் பிடி மிகத் தளர்வானது. நான்கைச் சேர்த்து ஒளிரும் சாயத்துடன் கட்டினால் டி செல்லை விடாது பற்றும். செல்களை ஒவ்வொன்றாக ஒளிக்கற்றை வழியே செலுத்தும் ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவி, ஒளிரும் செல்களை எண்ணும். ஆனால் எச்.எல்.ஏ. வகை ஆளுக்கு ஆள் மாறும். அதற்கேற்ற டெட்ராமர் வேண்டும்.

சைட்டோமெகலோ என்பது ஒருமுறை தொற்றினால் வாழ்நாள் முழுதும் உடலில் தங்கிவிடும் வைரஸ். அது தங்கியவர்களின் நினைவு டி செல்களில் (முன்பு சந்தித்த கிருமியை நினைவில் வைத்திருப்பவை) சுமார் 10% அந்த ஒரே வைரஸுக்கானவை. புரதத் துண்டுகளுக்கு விழித்த செல்களை எண்ணிப் பார்த்துத்தான் அதைக் கண்டறிந்தார்கள்.